தமிழகக் கடற்கரையில் கயாக் செலுத்த இடம் தேர்ந்தெடுப்பது எப்படி?

நீங்கள் கேட்டது இதுதான்: சென்னையில் வசிக்கிறீர்கள், மேலே அமர்ந்து துடுப்புப் போடும் வகைக் கயாக் இரண்டு வாங்கி, ஓராண்டு ஏரியில் பழகிவிட்டீர்கள், இனிக் கடற்கரைக்கும் அதையொட்டிய ஆறுகளுக்கும் போக விரும்புகிறீர்கள், பன்னிரண்டு வயது மகனும் உடன் வருவான். எந்த இடங்கள் ஏற்றவை, எந்த மாதங்களில் போகலாம் என்பது கேள்வி.

இதற்குப் பத்து ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொல்லிவிட்டால் எனக்கு வேலை எளிது, ஆனால் உங்களுக்கு அதனால் பெரிய பயன் இராது. ஏனென்றால் நம் கரையில் எந்த இடமும் ஆண்டு முழுவதும் நல்ல இடமாக இருப்பதில்லை. ஒரே இடம் பங்குனியில் குளம்போலவும் ஐப்பசியில் அருகில் செல்ல முடியாததாகவும் இருக்கும், ஒரே நாளில்கூடக் காலை ஏழு மணிக்கு ஒரு முகமும் பிற்பகல் இரண்டு மணிக்கு வேறு முகமும் காட்டும். எனவே முதலில் காற்றைப் பற்றிச் சொல்லிவிட்டு, அதன் பிறகு இடங்களுக்கு வருகிறேன்.

காற்றுக்கு நம் மீனவர்கள் திசை வாரியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது சோழகம், மேற்கிலிருந்து வருவது கச்சான். ஊருக்கு ஊர் இதில் சிறு வேறுபாடு உண்டு என்றாலும், எங்கு போனாலும் கரையில் நிற்பவரிடம் இந்தச் சொற்களில் கேட்டால் சரியான பதில் கிடைக்கும். கயாக் ஓட்டுபவருக்கு இவற்றில் முக்கியமானது வேகம் மட்டுமன்று, திசையும்தான். கடலிலிருந்து கரையை நோக்கி வீசும் காற்று அலையை எழுப்பும், பயமுறுத்தும், பலரைத் தண்ணீரில் இறங்கவே விடாது. அப்படி இறங்கிச் சோர்ந்துபோனாலும் உங்களைக் கரைக்கே தள்ளிக்கொண்டு வரும். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று அப்படியன்று. கரையோரத்தில் அது அலையே எழுப்பாது. கடல் வழவழவென்று கிடக்கும், பார்த்தவுடன் இறங்கத் தோன்றும்.

ஆறு ஆண்டுகளுக்கு முன், கடலூருக்கு வடக்கே ஒரு மீனவக் கிராமத்தில், ஆடி மாதக் காலை ஒன்றில் நான் அப்படித்தான் இறங்கினேன். பதினைந்து நிமிடம் துடுப்புப் போட்ட பிறகு, இன்றைக்கு உடம்பு நன்றாக ஒத்துழைக்கிறது என்று மகிழ்ந்துகொண்டே திரும்பிப் பார்த்தால், கரையில் நிறுத்தியிருந்த ஃபைபர் படகுகளின் நிறம் தெரிந்ததே தவிர எண்ணிக்கை தெரியவில்லை. மேற்குக் காற்று முதுகில் இருந்ததால்தான் அத்தனை வேகம். படகைத் திருப்பிய கணத்தில் காற்று முகத்தில் அறைந்தது. பதினைந்து நிமிடத்தில் போன தூரத்தைத் திரும்பிக் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கரையேறியபோது வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்து, "தம்பி, கடல் எண்ணெய் மாதிரி கெடந்தா கரைக்காத்துன்னு அர்த்தம். போறது சொகம், வர்றதுதான் பாடு" என்றார். அவர் முன்பே சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. நான் முன்பே கேட்டிருக்கலாம் என்பதுதான் உண்மை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஆண்டைப் பார்த்தால் வங்கக் கடலோரத்தின் கணக்கு ஓரளவு தெளிவாகும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலத்தில் கிழக்குக் கரையில் காலை நேரத்துக் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து, அதாவது தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கடற்காற்று கரையேறுவதற்கு நண்பகல் தாண்டிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயல்களும் வரும் காலம். இதில் திறந்த கடலை நினைக்கவே வேண்டாம். ஜனவரியில் மழை ஓய்ந்தாலும் வாடையின் வேகம் முற்றிலும் தணிந்திருக்காது. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் முதல் வாரங்கள் வரை, நம் கணக்கில் மாசியும் பங்குனியும், ஆண்டிலேயே அமைதியான காலம். அதன் பிறகு கோடையில் காலை ஆறு முதல் ஒன்பதரை வரை நல்ல நேரம் கிடைக்கும். பதினொரு மணி வாக்கில் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று எழத் தொடங்கினால் மாலை வரை விடாது. பழகத் தொடங்கிய ஒருவர் அமைதியான நீரில் மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர் போவார். எதிர்க்காற்று மணிக்கு இருபது கிலோமீட்டரைத் தாண்டினால் அதில் பாதிகூட மிஞ்சாது. குழந்தை உடன் இருக்கும்போது என் வரம்பு மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். கிளம்பும் முதல் நாள் இரவு விண்டி போன்ற செயலியில் வேகத்தையும் திசையையும் சேர்த்துப் பாருங்கள்.

இந்தக் கணக்கு கண்முன் தெரியும் இடம் இராமேசுவரம். தீவின் வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. அங்குள்ள மீனவர்கள் வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். ஒன்று ஆழமற்றது, அடக்கமானது, மற்றது ஆழமும் வீச்சும் கொண்டது என்பது பொருள். கோடையில் தெற்கிலிருந்து காற்று வீசும்போது ஆண்கடல் கொந்தளிக்கும், தீவின் மறைவில் பெண்கடல் அமைதியாகக் கிடக்கும். வாடைக் காலத்தில் இது தலைகீழாக மாறும். ஆகவே எந்தக் காலத்திலும் ஒரு பக்கம் அமைதியாக இருக்கும் என்று பயண வழிகாட்டிகள் சொல்வது சரியே. அவை சொல்லாத மறுபாதி, அந்த அமைதியான பக்கம் எப்போதும் கரைக்காற்றுப் பக்கமாகவே இருக்கும் என்பது. வைகாசியில் பெண்கடலில் கரையைவிட்டு விலகிப்போன கயாக்கைத் தென்காற்று தள்ளினால் அது நீரிணையின் நடுப்பகுதிக்கும், மேலும் போனால் இலங்கையுடனான கடல் எல்லைப் பக்கமும்தான் போகும். அமைதியான பக்கத்தையே தேர்ந்தெடுங்கள், ஆனால் கரையிலிருந்து நூறு மீட்டருக்குள், கரைக்கு இணையாக மட்டும் செல்லுங்கள். காற்று தணிந்த மாசி, பங்குனியில் இந்தக் கட்டுப்பாடு சற்றுத் தளரலாம்.

இராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகள் 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. கரையிலிருந்து பார்த்தால் சில தீவுகள் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் தெரியும், கயாக்கில் போய்விடலாம் என்ற ஆசையும் எழும். வனத்துறையின் அனுமதியின்றி அங்கே கால் வைக்கக் கூடாது. பவளப்பாறை மேல் நீர் முழங்காலளவாக இருக்கும் இடங்களில் படகு உரசினால் பாறைக்கும் சேதம், படகுக்கும் சேதம்.

திறந்த கடற்கரைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னை முதல் புதுச்சேரி வரையிலான மணற்கரைகளில் அலை கரையருகில்தான் மடிந்து உடைகிறது. அலைச்சறுக்குக்காரர்கள் கோவளத்துக்குத் தேடி வருவதற்கான காரணமே கயாக்குடன் குடும்பத்தை அங்கே அனுப்பாமல் இருப்பதற்கான காரணமும் ஆகும். அலையைத் தாண்டி உள்ளே போவதைவிடத் திரும்பி வரும்போதுதான் படகு குறுக்கே திரும்பிக் கவிழும், கவிழ்ந்த படகு முதலில் மோதுவது ஓட்டியவரின் மீதே. இந்த இடத்தில் ஒரு சிறு செய்தி: உங்கள் கயாக்கின் அடியில் உள்ள துளைகள் மேலே ஏறும் நீரைத் தாமாகவே வடித்துவிடும் அல்லவா, அதே தத்துவத்தில்தான் கட்டுமரம் பல தலைமுறைகளாக இதே அலையைக் கடந்தது, மரங்களுக்கு இடையிலான சந்துதான் அதன் வடிகால். கருவி ஒன்றுதான், அதை ஓட்டியவர்களுக்கு அலையின் எண்ணிக்கை மனப்பாடமாக இருந்தது.

குமரி மாவட்டக் கரையில் இன்னும் ஒரு படி எச்சரிக்கை தேவை. இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் எழும் பேரலைகள், இங்கே காற்றே இல்லாத நாளில், வானம் தெளிந்திருக்கும்போதே கரையை அறையும். கள்ளத்தனமாக வருவதால் இதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். 2024 மே 6 அன்று கணபதிபுரம் அருகே கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இப்படியொரு நாளில்தான் உயிரிழந்தார்கள். ஐதராபாத்தில் இயங்கும் இந்தியப் பெருங்கடல் தகவல் சேவைகளுக்கான தேசிய மையம் இதற்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது; தெற்கே போவதாக இருந்தால் அதைப் பார்க்காமல் போகாதீர்கள்.

அப்படியானால் உங்களுக்கு ஏற்ற நீர் எது என்றால், உப்பங்கழிகளும் அலையாத்திக் காடுகளும்தான். இவற்றில் காற்றின் ஆட்சி குறையும், ஓதத்தின், அதாவது கடல்நீர் நாள்தோறும் ஏறி வற்றுவதன் ஆட்சி கூடும். நம் கரையில் ஓத ஏற்ற இறக்கம் பெரிதன்று. சென்னைப் பக்கம் அமாவாசை, பௌர்ணமி நாள்களில்கூட ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஒரு மீட்டர்தானே என்று நினைப்பது முகத்துவாரத்தில் செல்லாது. பல சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கழியின் நீர் முழுவதும் ஐம்பது அறுபது மீட்டர் அகலமுள்ள வாய் வழியாகவே வெளியேற வேண்டியிருப்பதால், வற்றத்தின் நடுப்பகுதியில் அந்த வாயில் நீர் ஆறுபோல ஓடும். வெளியே அது கடலலையைச் சந்திக்கும் இடத்தில் அலைகள் செங்குத்தாக எழும். பழவேற்காட்டில் 2011 டிசம்பர் 25 அன்று ஒரு படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஏரி என்று சொல்லப்படும் இடத்தில் நடந்த விபத்து அது.

ஆகவே கழியில் இறங்கும் எவரும் நீர் ஏறும் நேரத்தில் இறங்கி, அது தள்ளும் திசையில் உட்புறமாகப் போய், வற்றம் வேகம் பிடிப்பதற்குள் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். முகத்துவாரத்திலிருந்து குறைந்தது அரைக் கிலோமீட்டர் விலகியிருங்கள். ஓத நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், போன வாரம் சரியாக இருந்த மணி இந்த வாரம் சரியாக இராது.

முகத்துவாரத்துக்கும் பருவம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் மணல்மேட்டை உடைத்துக்கொண்டு வெளியேறும். பிறகு தெற்கிலிருந்து வடக்காகக் கரையோரம் நகரும் மணல் கோடையில் அந்த வாயை மெல்ல மூடும். வாய் மூடிய கழியில் ஓட்டம் இராது என்பதால் புதியவர்களுக்கு எளிது, ஆனால் நீர் தேங்கி, ஊர்க்கழிவும் சேர்ந்து, நாற்றமடிக்கத் தொடங்கும். முட்டுக்காட்டை நான் ஜனவரி முதல் மார்ச் வரை மட்டுமே பரிந்துரைப்பதற்கு இதுதான் காரணம். சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லம் அங்கே இருப்பதால், சொந்தப் படகை எங்கே இறக்கலாம் என்பதை அவர்களிடமே கேட்டுவிடுங்கள். விசைப்படகுகளின் பாதையில் குறுக்கிடாமலும் இருக்கலாம். சென்னை நகருக்குள் உள்ள கழிமுகங்கள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அடையாற்றிலோ எண்ணூரிலோ என் வீட்டுப் பிள்ளையை இறக்க மாட்டேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழி முழுவதும் எண்ணெய் படர்ந்தது நினைவிருக்கும்.

பிச்சாவரம் தனியாகச் சொல்லத் தக்கது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, சிதம்பரத்தை அடுத்துப் பரந்து கிடக்கும் இந்த அலையாத்திக் காடு 2022இல் ராம்சர் என்னும் உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. கால்வாய்கள் குறுகிக்கொண்டே போய், இருபுறத்துச் சுரபுன்னை வேர்களும் வில்போல வளைந்து நீரில் ஊன்றி, மேலே இலைகள் கூடாரமாகக் கவிந்துவிடும் இடங்களுக்கு விசைப்படகு வராது. துடுப்பின் சொட்டு விழும் ஓசை தனியாகக் கேட்கும். அந்த வேர்களை அருகில் பாருங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே அரை முழம் உயரத்துக்கு ஓட்டுச் சிப்பிகள் அடை அடையாக ஒட்டியிருக்கும், விளிம்பு ஒவ்வொன்றும் சவரக்கத்தி. படகு ஒதுங்கும்போது வேரைக் கையால் பிடிப்பது எல்லாருக்கும் இயல்பாக வரும் பழக்கம்; உள்ளங்கை கிழிந்த பிறகுதான் விடும். துடுப்பின் தட்டையால் தள்ளிக்கொள்ள மகனுக்கு முதலிலேயே சொல்லிக்கொடுங்கள். இரண்டாவது, தில்லை மரம். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த அதே மரம்தான். கிளை முறிந்தால் வடியும் பால் தோலில் பட்டால் கொப்புளிக்கும், கண்ணில் பட்டால் தற்காலிகமாகப் பார்வையே போகும். தலைக்கு மேல் தொங்கும் கிளைகளை ஒடித்து வழி உண்டாக்கக் கூடாது என்பதற்கு வனச்சட்டத்தோடு இதுவும் காரணம்.

பிச்சாவரத்தில் பல கால்வாய்களில் ஆழம் ஆள் நிற்கும் அளவுதான் என்றாலும், நிற்க முயன்றால் சேறு முழங்காலுக்கு மேல் விழுங்கிவிடும். கவிழ்ந்தால் காலை ஊன்றாமல் மிதந்தபடியே படகில் ஏற வேண்டும், இதை ஏரியில் பழகிவிட்டு வாருங்கள். ஒரே மாதிரியான கால்வாய்கள் என்பதால் வழி தவறுவதும் எளிது. கைப்பேசியில் பாதையைப் பதிவு செய்வதோடு, உள்ளூர்ப் படகோட்டி ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்வதே சிறந்தது. இது காப்புக்காடு. அனுமதி இல்லாமல் சொந்தப் படகை இறக்கி, பாதி வழியில் திருப்பி அனுப்பப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

முத்துப்பேட்டை பிச்சாவரத்தைவிடப் பெரிய காடு, ஆனால் அதன் இயல்பு வேறு. பாமணியாறும் கோரையாறும் வந்து சேரும் அந்தக் காயல் அகன்றது, மிகவும் ஆழம் குறைந்தது. காற்று தடையின்றி ஓடுவதால் சிற்றலைகள் நெருக்கமாக எழும், வற்றத்தில் படகு சேற்றில் தரைதட்டினால் அடுத்த ஏற்றம் வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். 2018 நவம்பரில் கஜா புயல் மரங்களை முறித்துப்போட்ட தடங்களும் உண்டு. அனுபவம் கூடிய பிறகு போகலாம்.

உங்கள் முதல் பயணத்துக்கு நான் சொல்லும் இடம் காரங்காடு. இராமநாதபுரம் மாவட்டத்தில், தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையே, வனத்துறை ஊர்மக்களோடு சேர்ந்து நடத்தும் சூழல் சுற்றுலா அங்கே நடக்கிறது. அவர்களிடமே கயாக்கும், உயிர்காப்பு மேலாடையும், வழிகாட்டியும் கிடைக்கும். பாக் நீரிணை ஓரம் என்றாலும் அலையாத்திகள் காற்றை மறைக்கும். சென்னையிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப முடியாத தூரம் என்பதுதான் குறை.

இனி ஆறுகள். கடலோரத்து ஆறு கடலைவிடப் பாதுகாப்பானது என்ற எண்ணம் பலருக்கு உண்டு. என் அனுபவம் அப்படியில்லை. பிச்சாவரத்துக்கு வந்தவர்கள் அப்படியே கொள்ளிடத்திலும் ஒரு சுற்றுப் போகலாமே என்று நினைப்பார்கள். சிதம்பரம் வட்டாரத்தில் பழைய கொள்ளிடத்திலும் அதையொட்டிய வாய்க்கால்களிலும் முதலைகள் உண்டு. குளிக்கப் போனவர்கள் தாக்கப்பட்ட செய்திகள் பலமுறை வந்திருக்கின்றன. அதற்கு மேலாக, கொள்ளிடம் காவிரியின் உபரி நீர் வடியும் பாதை. மேட்டூர் நிரம்பினால் முக்கொம்பிலிருந்து நீர் இதில்தான் திருப்பப்படும்; உங்கள் ஊரில் ஒரு சொட்டு மழை இல்லாத ஆடி மாதத்தில், மணல் திட்டில் அமர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்து சேரும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு கொள்ளிட மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டது அப்படியொரு வெள்ளத்தில்தான். நீர்வளத்துறையின் வெள்ள எச்சரிக்கை நாளிதழில் வரும். ஜூலை முதல் ஆற்றில் இறங்குவோர் அதைத் தினமும் பார்க்க வேண்டும்.

ஆற்றில் இன்னும் இரண்டு கண்ணிகள் உண்டு. ஒன்று, மணல் அள்ளிய குழிகள். முழங்கால் நீரில் படகை இழுத்துக்கொண்டு நடப்பவர் அடுத்த அடியில் தலைக்கு மேல் ஆழத்தில் இருப்பார். மற்றொன்று தடுப்பணை. நீர் வழிந்து விழும் தடுப்பணையின் அடியில் மேற்பரப்பு நீர் அணையை நோக்கியே திரும்பிச் சுழலும். மேலிருந்து பார்த்தால் வெண்ணுரை ஒரு கோடுபோல அழகாகத் தெரியும், அதில் சிக்கிய படகும் ஆளும் வெளியே வர முடியாமல் அங்கேயே உருண்டுகொண்டிருப்பார்கள். மேலே இருந்து வரும்போது அணை கண்ணுக்குத் தெரியாது, நீர் ஒரு விளிம்பில் முடிவதாக மட்டும் தோன்றும். எனவே புதிய ஆற்றில் இறங்குமுன் செல்லும் தூரம் முழுவதையும் செயற்கைக்கோள் படத்தில் பார்த்து, தடுப்பணைகளைக் குறித்துக்கொண்டு, அவற்றுக்கு வெகுமுன்பே கரையேறிப் படகைத் தூக்கிச் செல்லத் திட்டமிடுங்கள்.

இதனால்தான் ஆற்றுக்கு நான் பரிந்துரைப்பது கடைசி அணைக்கும் முகத்துவாரத்துக்கும் இடைப்பட்ட, ஓதம் ஏறி இறங்கும் பகுதிகளையே. புதுச்சேரியின் சுண்ணாம்பாறும் அரியாங்குப்பத்து அலையாத்திப் பகுதியும் அப்படிப்பட்டவை, சென்னையிலிருந்து காலையில் கிளம்பிப் போய்வரலாம். தெற்கே தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயல் பக்கம் அழகானது. மழைக்காலம் முடிந்து ஆற்று நீர் தெளிந்த பிறகு போங்கள்.

எங்கே போனாலும் ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குவது மரியாதை மட்டுமன்று. கரைவலை இழுக்கும் நேரத்தில் அதன் கயிறு கரையிலிருந்து வெகுதூரம் நீருக்குள் போகும். நண்டு வலைகளின் மிதவைகள் தண்ணீர் பாட்டில் அளவே இருக்கும். அவற்றைக் கிழித்துவிட்டால் அது ஒரு குடும்பத்தின் அன்றைய வருமானம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் விசைப்படகுகள் ஓடாது என்றாலும் நாட்டுப் படகுகளும் வலைகளும் இருக்கும். முன்பின் தெரியாத படகைக் கண்டால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தினர் விசாரிப்பார்கள், அடையாள அட்டையை நீர்புகாப் பையில் வையுங்கள். அவர்களின் உதவி எண் 1093, கடலோரக் காவல்படையின் எண் 1554.

நம் நீரின் வெப்பம் பெரும்பாலும் 27 பாகைக்குக் குறையாது. குளிரில் விறைப்பது பற்றிய வெளிநாட்டு அறிவுரைகள் உங்களுக்குத் தேவையில்லை. வெயில்தான் இங்கே ஆளை வீழ்த்தும். ஆளுக்கு இரண்டு லிட்டர் நீர், முழுக்கைச் சட்டை, கழுத்தை மூடும் தொப்பி இருக்கட்டும். உயிர்காப்பு மேலாடை மகனின் எடைக்கு ஏற்றதாக, தோளைப் பிடித்துத் தூக்கினால் தலைவழியே கழலாததாக இருக்க வேண்டும்.

தேதியும் கேட்டிருந்தீர்கள். பிப்ரவரி மூன்றாவது வாரத்தில் இரண்டு நாள் விடுப்பு எடுத்துக் காரங்காடு போய், முதல் நாள் அவர்களுடைய படகிலும் வழிகாட்டியோடும், மறுநாள் அனுமதி கிடைத்தால் உங்கள் படகிலும் இறங்குங்கள். மார்ச் மாதம் பிச்சாவரம். ஏப்ரல் முதல் வாரம் இராமேசுவரத்துக்குப் போவதென்றால், தெற்கு, வடக்கு எந்தப் பக்கம் இறங்குவது என்பதை இங்கிருந்தே முடிவு செய்யாமல், அன்று காலை பாம்பன் பாலத்தைக் கடக்கும்போது இரண்டு கடலையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.